உறுமலும் ஊதியமும்

சங்கத்தின் மாதக் கூட்டம் முடிந்து காப்பி வழங்கப்படும் வேளையில் அன்பர்கள் எங்களைச் சூழ்ந்துகொண்டு கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "உங்கள் வண்டியின் சைலன்சரை மாற்றினீர்களாமே! சத்தம் கம்பீரமாக வருகிறதாம், டீசலும் மிச்சமாகிறதாம்! உண்மைதானா?" என்பதே அது. காய்கறி ஏற்றுவோர், தண்ணீர்க் கேன் கொண்டு செல்வோர், பந்தல் சாமான் வாடகைக்கு விடுவோர், எங்களைப் போல விசேஷ வீடுகளுக்குச் சமைத்துத் தருவோர் என்று, பழைய பிக்கப் வண்டி ஒன்றை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் நம்மிடையே பல. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விடை கூறுவதினும், பட்டதைப் பட்டவாறே எழுதிவிடுதல் நலம் எனக் கருதினோம். சத்தம் வந்தது உண்மை. டீசல் மிச்சமானது உண்மையன்று. இடையே, தாயையும் மகனையும் ஒருசேர இழந்துவிடுவோமோ என்று நாங்கள் நடுங்கிய காலைப்பொழுது ஒன்றும் வந்து போயிற்று.

வண்டியும் நகரமும்

சிறு பாரவண்டிக்கும் ஹைதராபாத்துக்கும் உள்ள உறவு புதியதன்று. 1942ஆம் ஆண்டு தோன்றிய ஹைதராபாத் ஆல்வின் நிறுவனம் பஸ்களுக்குக் கூடு கட்டியும், குளிர்பதனப் பெட்டியும் கைக்கடிகாரமும் செய்தும் பெயர் பெற்றது. 1980களில் அது ஜப்பானிய நிசான் நிறுவனத்துடன் கூடி ஜஹீராபாத்தில் சிறு பாரவண்டிகள் செய்யலாயிற்று. பின்னர் அத்தொழிற்சாலை மஹிந்திராவின் கைக்குச் சென்றது. மியாப்பூரில் 'ஆல்வின் நாற்சந்தி' என்ற பெயர் மட்டும் இன்றும் நின்று அந்த நிறுவனத்தை நினைவூட்டுகிறது. 1988இல் டாட்டாவின் 'டாட்டாமொபில்' பிக்கப் வந்தது; 2005இல் 'ஏஸ்' என்னும் சின்னஞ்சிறு வண்டி வந்தது. அதன்பின் சந்தை வீதிகளில் மாட்டு வண்டியைத் தேடிக் காண வேண்டியதாயிற்று.

எங்கள் வண்டி 2009இல் பதிவானது. தெலங்கானா தனி மாநிலமானது 2014இல். ஆதலின் எண் பலகையில் இன்றும் பழைய 'ஏபி' எழுத்துகளே உள்ளன. விடியற்காலை நான்கு மணிக்குப் பத்மராவ் நகரிலிருந்து புறப்பட்டுப் போவன்பள்ளி சந்தையில் காய்கறி ஏற்ற வேண்டும். திரும்பி வந்து அண்டா, குண்டான், அடுப்பு, வாழையிலைக் கட்டு யாவற்றையும் ஏற்றிக்கொண்டு அல்வாலுக்கோ நாச்சாரத்துக்கோ மல்காஜ்கிரிக்கோ மண்டபம் நோக்கி ஓட வேண்டும். தை முதல் வைகாசி வரை முகூர்த்த நாளில் வண்டி நின்றால் எங்கள் வீட்டு அடுப்பும் நின்றுவிடும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓட்டும் பொறுப்பை எங்கள் இளைய மகன் ஏற்றுக்கொண்டான். உடன் படித்தவர்கள் மாதாப்பூர், கச்சிபௌலிப் பக்கம் கண்ணாடி மாளிகைகளுக்கு வேலைக்குச் செல்கையில், இவன் எண்ணெய்ப் பிசுக்கேறிய அண்டாவைத் தூக்குகிறானே என்னும் வருத்தம் எங்களுக்கு உண்டு. அவன் வாய்விட்டு ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் ஒரு நாள், "அப்பா, வண்டி கிழவன் இருமுவது போல் இருமுகிறது. சைலன்சரை மாற்றிவிடலாம். புகை தடையின்றிப் போனால் மைலேஜும் கூடுமாம்" என்றான். அவ்வண்டியில் தனக்கென்று ஒன்று இருக்கட்டும் என்று அவன் ஆசைப்பட்டது எங்களுக்குப் புரிந்தது. நாங்கள் மறுக்கவில்லை.

புகைக்குழாய் செய்யும் வேலை

மேலே செல்லுமுன், அந்தக் குழாய் என்ன வேலை செய்கிறது என்பதைச் சிறிது காண்போம். எஞ்சினில் எரிபொருள் எரிந்து பிஸ்டனைத் தள்ளியபின், வெளியேற்று வால்வு திறக்கிறது. உள்ளே இன்னும் அழுத்தத்துடன் இருக்கும் சூடான வாயு, அடைத்த பாத்திரத்தின் மூடி திறந்தாற்போல் வெளியே பாய்கிறது. அப்பாய்ச்சலின் ஒவ்வோர் அதிர்வும் ஓர் ஒலி. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 1500 சுற்று சுழலும்போது, ஒரு சுற்றுக்கு இரண்டு வீதம் நிமிடத்துக்கு 3000 முறை, அதாவது நொடிக்கு 50 முறை இவ்வெடிப்பு நிகழ்கிறது. நெஞ்சில் மோதும் அந்தத் தாழ்ந்த உறுமல் இதுவே.

இதனை அடக்கும் கருவிக்கு 1897ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் ரீவ்ஸ் சகோதரர்கள் காப்புரிமை பெற்றனர். சைலன்சர்கள் பெரும்பாலும் இரு வகை. ஒன்று, பெட்டிக்குள் அறைகள் அமைத்து, ஒலியலையை முன்னும் பின்னும் மோதவிட்டு, ஓர் அலையைக் கொண்டே மற்றோர் அலையை அடக்குவது. மற்றொன்று, துளையிட்ட நேர்க்குழாயைச் சுற்றிக் கண்ணாடி இழையைத் திணித்து ஒலியை உறிஞ்சச் செய்வது. முன்னதில் வாயுவுக்குத் தடை சற்று மிகுதி, பின்னதில் குறைவு. நம் பழைய பாரவண்டிகளில் இருப்பது பெரும்பாலும் முன்னது.

"அப்படியாயின் தடையை நீக்கினால் எரிபொருள் மிச்சம்தானே?" என்று கேட்கலாம். தடையைத் தள்ளிக்கொண்டு புகையை வெளியேற்ற எஞ்சின் சிறிது உழைப்பைச் செலவிடுகிறது என்பது மெய்யே. ஆனால் அவ்வுழைப்பு எவ்வளவு என்பதில்தான் கணக்கு இருக்கிறது. குழாயில் ஏற்படும் அழுத்த இழப்பு, வாயு ஓட்டத்தின் இருமடிப்படி வளர்வது. ஓட்டம் பாதியானால் இழப்பு காலாகிவிடும். பந்தயக் கார் முழு வேகத்தில் சுழலும்போது பெரிதாகத் தோன்றும் தடை, செகந்திராபாத் நெரிசலில் முப்பது நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து செல்லும் வண்டிக்கு மிகச் சிறிது. அதை நீக்கிப் பெறும் ஆதாயமும் அவ்வாறே சிறிதாகும்.

இன்னொரு கணக்கும் உண்டு. குழாயின் விட்டம் குறைந்தால் தடை ஏறத்தாழ ஐந்தாம் மடியில் ஏறுகிறது. 50 மில்லிமீட்டர் குழாய் முழு நீளமும் கரி படிந்து 40 மில்லிமீட்டராகச் சுருங்கினால் தடை மும்மடங்காகிவிடும். எனவே குழாயைப் பெரிதாக்குவதினும், உள்ள குழாயை அடைப்பும் நசுங்கலும் இன்றி வைத்திருப்பதே முதல் வேலை. இவையெல்லாம் எங்களுக்கு அப்போது தெரிந்திருக்கவில்லை.

மாற்றியதும் நேர்ந்ததும்

நகரின் பட்டறை ஒன்றில் பழைய சைலன்சர் பெட்டியை அறுத்து எடுத்தார்கள். சற்று அகன்ற நேர்க்குழாயைப் பற்றவைத்து, அதன் வாயைப் பின்சக்கரத்துக்கு முன்பாகவே பக்கவாட்டில் திருப்பிவிட்டார்கள். நாலாயிரம் ரூபாய் செலவு. சாவியைத் திருப்பியதும் எழுந்த உறுமலில் மகன் முகம் மலர்ந்ததைக் கண்டு நாங்களும் மகிழ்ந்தோம் என்பதை மறைப்பானேன்?

முதல் வாரத்திலேயே பக்கத்து வீட்டு மருமகள் வந்தார். ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்ற அவர் மாமனார் பல மாதங்களாகப் படுக்கையில் இருப்பவர். "அக்கா, மாமாவுக்கு இரவெல்லாம் இருமல். நான்கு மணிக்குத்தான் கொஞ்சம் கண் அயர்கிறார். அந்த நேரத்தில்…" என்று சொல்லி, முடிக்காமலே நின்றார். நாங்கள் தலைகுனிந்தோம். அன்று முதல் மகன் வண்டியைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய் எஞ்சினைக் கிளப்பினான். ஆனால் மாற்றத்தை விட அவனுக்கு மனமில்லை.

மைலேஜ் என்னவாயிற்று? எங்கள் வீட்டில் டீசல் கணக்குக்கென்று ஒரு நோட்டு உண்டு. ஒரே பங்கில் டாங்கை நிரப்பி, மீட்டரைக் குறித்து, மறுமுறை நிரப்பும்போது ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுப்பது வழக்கம். மாற்றுவதற்கு முந்திய மாதம் லிட்டருக்கு 10.4 கிலோமீட்டர். மாற்றிய மாதம் 10.1. மகன் நோட்டை இருமுறை கூட்டிப் பார்த்தான். சத்தம் இனிமையாகத் தோன்றவே, கியரை மாற்றாமல் மிதித்து ஓட்டியிருக்கிறான். அதுவே காரணம் என்று பின்னர் அவனே ஒப்புக்கொண்டான். காது குளிர்ந்த அளவுக்கு டாங்கு காலியாயிற்று.

அடுத்து வந்ததுதான் அந்த மார்கழிக் காலை. அல்வாலில் ஒரு சஷ்டியப்தபூர்த்தி. குளிருக்காகக் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு மகனும் அவன் தாயும் முன்னால் சென்றார்கள். தாட்பந்து அருகே வருகையில் தாய்க்குத் தலை வலித்துக் குமட்டியிருக்கிறது. உறக்கமின்மை என்று எண்ணி அவர் கண்ணை மூடிக்கொண்டார். சற்று நேரத்தில் மகனுக்கும் கை தளர்ந்து பார்வை மங்கிற்று. நல்ல வேளையாக வண்டியை ஓரங்கட்டினான். கதவைத் திறந்து இறங்க முயன்றவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஒருவர், பெயரும் சொல்லாதவர், இருவரையும் வெளியே இழுத்துக் காற்றாட உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். அரை மணியில் தெளிந்தார்கள். தகவல் கேட்டு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, "அண்டாவை நேரத்துக்குச் சேர்த்துவிடுங்கள்" என்பதே அவ்வம்மையார் சொன்ன முதல் வார்த்தை. அன்று மண்டபத்தில் இலை போட்டுப் பரிமாறினோம். எங்களுக்குச் சோறு இறங்கவில்லை.

பற்றவைத்த கனத்த குழாய் தொங்கி இழுத்ததால், எஞ்சினை ஒட்டிய இணைப்பில் கேஸ்கெட் கிழிந்திருந்தது. அங்கே கசிந்த புகையும், பக்கவாட்டில் வெளிவந்த புகையும், பழைய தளத்தின் துளைகள் வழியே அறைக்குள் ஏறியிருக்கின்றன. டீசல் புகையில் பெட்ரோல் புகையைவிடக் கார்பன் மோனாக்சைடு குறைவே. எனினும் அடைத்த அறையில் ஆளைச் சாய்க்க அது போதும். நிறமும் மணமும் இல்லாத வாயுவாதலின் வருவது தெரியாது. இதுவன்றி, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2012இல் டீசல் புகையைப் புற்றுநோய் விளைப்பது என்றே வகைப்படுத்தியுள்ளது. நாள்தோறும் அதன் நடுவே உட்காருபவர் நம் பிள்ளைகள் என்பதை மறக்கலாகாது.

உஸ்தாத் காட்டிய வழி

ராணிகஞ்ச் பக்கத்தில், எல்லோரும் உஸ்தாத் என்றே அழைக்கும் முதிய மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் கொண்டு சென்றோம். அவர் மகனைக் கடிந்துகொள்ளவில்லை. அறுத்தெடுத்த பழைய குழாயைக் கொண்டுவரச் சொல்லி அதன் உள்ளே விரலை விட்டுக் காட்டினார். விரல் நுழைய மாட்டாமல் கரி கெட்டியாகப் படிந்திருந்தது. நடுவே, வேகத்தடையில் அடிபட்டு நசுங்கிய இடமும் இருந்தது. "பேட்டா, கிழவன் இருமினான் என்றாயே, இதனால்தான் இருமினான். நீ நோயைப் பார்க்காமல் தொண்டையையே அறுத்துவிட்டாய். காதால் மைலேஜ் பார்க்காதே, நோட்டில் பார்" என்றார்.

பின்பு ஒவ்வொன்றாகச் சோதித்தார். எஞ்சின் மெல்ல ஓடுகையில் குழாயின் வாயைக் கனத்த துணியால் ஒரு கணம் மூடி, எங்கேனும் 'உஸ்' என்று கசிகிறதா எனக் கேட்டார். ஏர் பில்டரைத் தட்டியதும் அடுப்புச் சாம்பல் போல் புழுதி கொட்டிற்று. பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுழற்றினார்; ஒன்று சுழன்றது, மற்றொன்று பிரேக் பிடித்துக்கொண்டு நின்றது. "பிரேக்கைப் போட்டுக்கொண்டே ஓட்டினால் டீசல் எங்கே நிற்கும்?" என்றார்.

நாங்கள் ஒரு வேண்டுகோள் வைத்தோம்: எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்துவிடாமல், பகுதி பகுதியாகச் செய்தால் எதனால் என்ன பயன் என்று தெரியும். அவர் சிரித்து இசைந்தார். முதலில் கம்பெனி அளவில் புதுக் குழாயும் சைலன்சரும் புதுக் கேஸ்கெட்டும் பூட்டி, தொங்கு ரப்பர்களை மாற்றி, புகையின் வாயைப் பழையபடி வண்டியின் பின்கோடிக்கே கொண்டு சென்றார். தளத்தின் துளைகளையும் அடைத்தார். அந்த மாதம் லிட்டருக்கு 10.6. அடுத்த மாதம் ஏர் பில்டர் மாற்றி, பிரேக்கைச் சரிசெய்து, டயர்களில் காற்றை அளவுக்கு நிரப்பினோம். 11.5 ஆயிற்று. ஓட்டும் முறையும் அதற்குள் சற்றுத் திருந்தியிருந்தது. ஆக, பெரும்பங்கு ஆதாயம் சைலன்சரில் இல்லை என்பது எங்கள் நோட்டளவில் தெளிவு.

சட்டம் சொல்வது

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, செய்தவர் குறித்த அமைப்பினின்றும் வண்டி மாறுபடுமாறு உடையவர் மாற்றலாகாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதனை அழுத்தந் திருத்தமாக உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தம், ஒலி, புகை விதிகளை மீறிய வண்டியை ஓட்டுவோருக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதித்ததோடு, ஓட்டுநர் உரிமத்தை மூன்று மாதம் இழக்கவும் வகை செய்தது. ஓட்டிப் பிழைப்பவனுக்கு அபராதத்தினும் கொடியது உரிமம் பறிபோதல். அண்மை ஆண்டுகளில் ஹைதராபாத் போக்குவரத்துக் காவலர்கள் பறிமுதல் செய்த சைலன்சர்களைச் சாலை உருளையின் கீழ் இட்டு நசுக்கியதை நம்மிற் பலர் அறிவர். அவை பெரும்பாலும் மோட்டார் சைக்கிள்களுடையவை. ஆயினும் பிக்கப்புக்கு விலக்கு இல்லை.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் எல்லை. விடியற்காலை நான்கு மணியும் சட்டப்படி இரவே. மருத்துவமனை, பள்ளி இவற்றைச் சூழ்ந்த நூறு மீட்டர் அமைதிப் பகுதி. அங்கே இரவில் 40 மட்டுமே. முஷீராபாத் காந்தி மருத்துவமனைச் சுவரை ஒட்டி நாங்கள் உறுமிச் சென்ற நாட்களை எண்ணினால் இன்றும் கூச்சமாக இருக்கிறது. பத்து டெசிபெல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது என்பதை அன்று நாங்கள் அறியோம்.

அன்பர்களுக்குச் சில சொற்கள்

பழைய வண்டி வைத்திருப்போர் முதலில் டீசல் நோட்டு ஒன்று தொடங்குக. மூன்று முறை டாங்கு நிரப்பிய கணக்கேனும் கையில் இன்றி எந்த மாற்றத்தையும் செய்ய வேண்டா.

ஆண்டுக்கு ஒருமுறை புகைக்குழாயை முழுநீளம் பார்க்கச் செய்க. கரி, நசுங்கல், துரு ஓட்டை, அறுந்த தொங்கு ரப்பர், தளர்ந்த கிளாம்ப் ஆகியவையே நோக்கத்தக்கன. கெட்டிருந்தால் கம்பெனி அளவிலேயே மாற்றுக. பிரேக் குழாய்க்கும் டீசல் குழாய்க்கும் அருகே சூடான குழாய் செல்லலாகாது.

புகையின் நிறத்தைக் கவனிக்க. கரும்புகை பெரும்பாலும் காற்றுக் குறைவையோ இன்ஜெக்டர் பழுதையோ காட்டும். ஏர் பில்டர், இன்ஜெக்டர், வால்வு இடைவெளி, சக்கர நேர், பிரேக், டயர்க் காற்று ஆகிய இவ்வாறும் சரியாக இருந்தால் கேட்ட மைலேஜை வண்டி தானே தரும். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த புது டீசல் வண்டிகளில் கரியை வடிக்கும் சல்லடையும் புகைக்குழாயில் உண்டு. அதைப் பிடுங்கிவிட்டால் மைலேஜ் கூடும் என்று சொல்வோரை அண்ட விடாதீர்.

சந்தையில் காத்திருக்கும்போது எஞ்சினை அணைக்க. வண்டியில் அமர்ந்தவருக்குத் தலைவலியோ குமட்டலோ கண்டால், உறக்கக் கேடு என்று தள்ளாமல், உடனே நிறுத்திக் கண்ணாடியை இறக்கி வெளியே வருக.

எங்கள் வண்டி தைக்கு முன்னமே தகுதிச் சான்று பெற்றுவிட்டது. அந்த நாலாயிரம் ரூபாயும், அதனைத் திருத்த மீண்டும் செய்த செலவும் போனவை போனவையே. டீசல் நோட்டு இப்போது மகன் பொறுப்பில் இருக்கிறது. ஒவ்வொரு நிரப்புக்கும் பக்கத்தில் சிவப்பு மையால் மைலேஜை எழுதி, குறைந்தால் காரணம் தேடுகிறான். சென்ற மாதம் 11.8 என்று எழுதிவிட்டு, உஸ்தாதிடம் காட்ட நோட்டையும் எடுத்துக்கொண்டு போனான். ஞாயிறுதோறும் அவர் பட்டறையில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கவும் தொடங்கியிருக்கிறான். பக்கத்து வீட்டுப் பெரியவர் இப்போது தூக்கு நாற்காலியில் அமர்ந்து வாசலுக்கு வருகிறார். "வண்டியை விற்றுவிட்டீர்களா? சத்தமே காணோமே!" என்று அன்றொரு நாள் கேட்டார். இல்லை, விடியற்காலை நான்கு மணிக்கு அது உம் வாசலைக் கடந்துதான் போகிறது என்று சொன்னோம்.

நோட்டைப் பார்க்க விரும்பும் அன்பர்கள் அடுத்த கூட்டத்துக்கு வருக, கொண்டு வருகிறோம்.